பத்தாம் வகுப்பு முடிந்தது, பிளஸ் ஒன்னில் எந்த சயின்ஸ் குரூப்? தமிழ்நாட்டு மாணவர்களுக்கும் பெற்றோருக்கும் ஒரு வழிகாட்டி

பத்தாம் வகுப்பு ரிசல்ட் மே மாதம் வரும். வந்த இரண்டு வாரத்துக்குள் எந்தப் பள்ளி, எந்த குரூப் என்பது பெரும்பாலான வீடுகளில் முடிவாகிவிடும். பக்கத்து வீட்டுப் பிள்ளை என்ன எடுத்தது, பள்ளியில் எதில் இடம் இருக்கிறது, அத்தை மகன் எதில் வேலைக்குப் போனான் என்பதையெல்லாம் வைத்து எடுக்கும் முடிவு அது. அதன் விளைவு தெரியவருவது இரண்டு வருடம் கழித்து, கவுன்சலிங் விண்ணப்பத்தில் ‘தகுதி இல்லை’ என்று வரும்போதுதான். அந்தக் கட்டத்தில் திருத்த வழி மிகக் குறைவு.

மாநிலப் பாடத்திட்டத்தில் அறிவியல் பாடங்களை எடுக்கப் போகிறவர்களுக்காக எழுதியது இது. காமர்ஸ், ஆர்ட்ஸ் குரூப் பற்றி இதில் இல்லை.

1. குரூப்பின் பெயரை மறந்துவிட்டு நான்கு பாடங்களை எழுதுங்கள்

‘ஃபர்ஸ்ட் குரூப்’, ‘செகண்ட் குரூப்’ என்று ஒவ்வொரு பள்ளியும் ஒவ்வொன்றைச் சொல்லும். ஒரு பள்ளியின் செகண்ட் குரூப்பில் கணிதம் இருக்கும், அடுத்த தெருப் பள்ளியின் செகண்ட் குரூப்பில் இருக்காது. அதனால் பெயரை வைத்துப் பேசாமல், தமிழ் (அல்லது வேறு மொழிப் பாடம்), ஆங்கிலம் போக மீதி நான்கு விருப்பப் பாடங்கள் எவை என்று பள்ளியில் கேட்டு ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். ஆறு பாடம், பாடத்துக்கு 100, மொத்தம் 600 மதிப்பெண்.

அறிவியல் பக்கம் பரவலாகக் கிடைப்பவை இவை:

• இயற்பியல், வேதியியல், உயிரியல், கணிதம். பேச்சில் ‘பயோ மேத்ஸ்’.
• இயற்பியல், வேதியியல், கணிதம், கணினி அறிவியல். ‘கம்ப்யூட்டர் சயின்ஸ் குரூப்’.
• இயற்பியல், வேதியியல், தாவரவியல், விலங்கியல். ‘பியூர் சயின்ஸ்’.
• இயற்பியல், வேதியியல், உயிரியல், கணினி அறிவியல். எல்லாப் பள்ளியிலும் இருக்காது.

கடைசியில் உள்ளதை நன்றாகப் பார்த்துக்கொள்ளுங்கள். கம்ப்யூட்டர் இருக்கிறது, ஆனால் கணிதம் இல்லை. ‘கம்ப்யூட்டர் குரூப்தான் எடுத்திருக்கிறோம், இன்ஜினியரிங் போகலாம்’ என்று நம்பி இதில் சேர்ந்தால் மாநில இன்ஜினியரிங் கவுன்சலிங்கில் நுழையவே முடியாது. காமர்ஸ் பக்கத்தில் உள்ள ‘வணிகக் கணிதம் மற்றும் புள்ளியியல்’ பாடமும் இன்ஜினியரிங்குக்குச் செல்லாது. பெயரில் கணிதம் இருப்பதை வைத்து ஏமாற வேண்டாம்.

சி.பி.எஸ்.இ. பள்ளியில் சேர்கிறவர்களுக்கும் இதே எச்சரிக்கை உண்டு. அங்கே ‘கணிதம்’ ஒரு பாடம், ‘பயன்பாட்டுக் கணிதம்’ இன்னொரு பாடம். அறிவியல் பக்கம் போகிறவர்களுக்கு வேண்டியது முதலாவது.

2. போக நினைக்கும் படிப்பிலிருந்து பின்னோக்கி வாருங்கள்

எந்த குரூப் நல்லது என்று கேட்டால் பதில் கிடைக்காது. எந்தப் படிப்பு எந்தப் பாடத்தைக் கேட்கிறது என்று கேட்டால் கிடைக்கும். மனதில் இருக்கும் மூன்று படிப்புகளை எழுதி, ஒவ்வொன்றுக்கும் கட்டாயப் பாடம் எது என்று குறித்துக்கொள்ளுங்கள்.

பி.இ., பி.டெக். என்றால் கணிதம், இயற்பியல், வேதியியல் மூன்றும் வேண்டும். பயோடெக்னாலஜி, பயோமெடிக்கல் இன்ஜினியரிங் என்று பெயரில் ‘பயோ’ இருந்தாலும் இதுதான் விதி. பியூர் சயின்ஸ் படித்துவிட்டு பயோடெக் இன்ஜினியரிங் கேட்டு வந்து திரும்பிப் போகிறவர்கள் வருடா வருடம் இருக்கிறார்கள். எதிர்ப்பக்கமும் சொல்லிவிடுகிறேன்: பி.இ. கம்ப்யூட்டர் சயின்ஸ் சேர பிளஸ் டூவில் கணினி அறிவியல் படித்திருக்க வேண்டும் என்று எந்த விதியும் இல்லை. பயோ மேத்ஸ் மாணவர் தாராளமாகச் சேரலாம்.

எம்.பி.பி.எஸ்., பி.டி.எஸ்., சித்தா, ஆயுர்வேதம், ஹோமியோபதி எல்லாவற்றுக்கும் நீட். அதற்கு இயற்பியல், வேதியியல், உயிரியல் (அல்லது தாவரவியலும் விலங்கியலும்) வேண்டும். ஆங்கிலத்திலும் தேறியிருக்க வேண்டும். எம்.பி.பி.எஸ். சேர பிளஸ் டூவில் அந்த மூன்று அறிவியல் பாடங்களில் பொதுப் பிரிவுக்கு 50 சதவீதம், எஸ்.சி., எஸ்.டி., ஓ.பி.சி. பிரிவினருக்கு 40 சதவீதம் தேவை. சேரும் வருடத்தின் டிசம்பர் 31க்குள் 17 வயது நிரம்ப வேண்டும். சின்ன வயதிலேயே பள்ளியில் சேர்க்கப்பட்ட பிள்ளைகளுக்கு இது இடிக்கும், இப்போதே கணக்குப் போட்டுப் பாருங்கள்.

கால்நடை மருத்துவம் மாநில ஒதுக்கீட்டில் பிளஸ் டூ மதிப்பெண்ணை வைத்தே நடக்கிறது, நீட் கிடையாது. உயிரியல் பக்கம் ஆசை இருந்து நீட்டைக் கண்டு தயங்கும் பிள்ளைகளுக்கு இந்த வழி இருப்பது பல பெற்றோருக்குத் தெரிவதில்லை. பி.எஸ்சி. நர்சிங்குக்கும் உயிரியல் வேண்டும். பி.பார்ம். மட்டும் கொஞ்சம் தாராளம்: இயற்பியல், வேதியியலோடு உயிரியலோ கணிதமோ ஏதாவது ஒன்று போதும். பி.எஸ்சி. வேளாண்மைக்குப் பல பாடச் சேர்க்கைகள் செல்லும். வேளாண்மைப் பல்கலைக்கழகம் ஆண்டுதோறும் வெளியிடும் தகவல் கையேட்டில் உங்கள் நான்கு பாடங்களும் சேர்ந்து ஒரே சேர்க்கையாக இருக்கின்றனவா என்று ஒப்பிட்டுப் பாருங்கள்.

பி.ஆர்க். சேர கணிதமும் இயற்பியலும் கட்டாயம். என்.டி.ஏ. (தேசியப் பாதுகாப்பு அகாடமி) வழியாக விமானப்படை, கடற்படைக்குப் போக இயற்பியல், வேதியியல், கணிதம். ஆராய்ச்சிப் பக்கம் போக நினைப்பவர்களுக்கு ஐசர் (மத்திய அரசின் அறிவியல் கல்வி, ஆராய்ச்சி நிறுவனங்கள்) நுழைவுத் தேர்வு இருக்கிறது. அதில் உயிரியல், வேதியியல், கணிதம், இயற்பியல் நான்கிலிருந்தும் 15 கேள்விகள் வீதம் 60 கேள்விகள். நான்கில் மூன்றைப் படித்திருந்தால் எழுதலாம்தான். ஆனால் நான்கையும் படித்த பயோ மேத்ஸ் மாணவருக்கு அங்கே கை ஓங்கும்.

ஆக, இயற்பியலும் வேதியியலும் எல்லா குரூப்பிலும் இருப்பதால் அவற்றைப் பற்றிக் கவலை வேண்டாம். உண்மையில் நீங்கள் முடிவெடுப்பது கணிதமா, உயிரியலா, இரண்டுமா என்று மட்டும்தான்.

என் தீர்ப்பு இது. மருத்துவம் சார்ந்த எதிலும் ஆசை இல்லாத பிள்ளைக்கு ‘எதற்கும் இருக்கட்டும்’ என்று உயிரியலைச் சுமத்த வேண்டாம்; அது இரண்டு பாடத்துக்குச் சமம். உயிரி-தாவரவியல் ஒரு புத்தகம், உயிரி-விலங்கியல் ஒரு புத்தகம், வினாத்தாளிலும் பாதிக்குப் பாதி. கணிதம் பத்தாம் வகுப்பிலேயே தடுமாறிய பிள்ளையை, நர்சிங்கோ கால்நடை மருத்துவமோதான் வேண்டும் என்று அது சொன்ன பிறகும், பயோ மேத்ஸில் தள்ளுவதும் அப்படித்தான். உண்மையாகவே இரண்டு பக்கமும் ஆசை இருந்து முடிவு செய்ய முடியவில்லை என்றால் மட்டும் பயோ மேத்ஸ். அப்படி எடுத்தாலும் பிளஸ் டூ தொடங்கும்போது நீட், ஜே.இ.இ. (ஐ.ஐ.டி., என்.ஐ.டி. நுழைவுத் தேர்வு) இரண்டில் ஒன்றைக் கைவிட்டுவிட வேண்டும். இரண்டுக்கும் ஒரே நேரத்தில் பயிற்சி எடுக்கும் பிள்ளை பள்ளித் தேர்விலும் மதிப்பெண்ணை விடும்.

3. கட்-ஆஃப் கணக்கைக் கையால் போட்டுப் பாருங்கள்

எந்தப் பாடம் எவ்வளவு எடை என்று தெரிந்தால், எதற்கு எவ்வளவு உழைக்க வேண்டும் என்பதும் தெரியும்.

இன்ஜினியரிங்: கணிதம் 100க்கு அப்படியே, இயற்பியலில் பாதி, வேதியியலில் பாதி. மொத்தம் 200. கணிதம் 92, இயற்பியல் 88, வேதியியல் 95 என்றால் 92 + 44 + 47.5 = 183.5. கணிதத்தில் ஒரு மதிப்பெண் போனால் கட்-ஆஃப்பில் ஒன்று போகும். வேதியியலில் போனால் அரைதான்.

கால்நடை மருத்துவம்: உயிரியல் 100 (பியூர் சயின்ஸ் என்றால் தாவரவியலில் பாதி, விலங்கியலில் பாதி), இயற்பியலில் பாதி, வேதியியலில் பாதி. உயிரியல் 90, இயற்பியல் 80, வேதியியல் 84 என்றால் 90 + 40 + 42 = 172.

அரசுக் கலை அறிவியல் கல்லூரியில் பி.எஸ்சி.: நான்கு விருப்பப் பாடங்களும் சேர்த்து 400க்கு. இங்கே எந்தப் பாடத்தையும் ஒதுக்க முடியாது.

இன்ஜினியரிங்கில் நான்காவது பாடம் கட்-ஆஃப்பில் வராது என்பதால் அதைக் கைகழுவிவிடுகிறவர்கள் உண்டு. இரண்டு பேர் ஒரே கட்-ஆஃப் வாங்கினால் முதலில் கணிதம், பிறகு இயற்பியல், அதற்கும் பிறகு அந்த நான்காவது பாடத்தின் மதிப்பெண்ணைத்தான் பார்க்கிறார்கள். ஒரே கட்-ஆஃப்பில் நிறையப் பேர் நிற்கும் இடங்களில் அது தரவரிசையை மாற்றும்.

மொழிப் பாடம் பற்றியும் ஒரு வார்த்தை. ‘பிரெஞ்சு எடுத்தால் நூற்றுக்கு நூறு’ என்று சில தனியார் பள்ளிகளில் ஆசை காட்டுவார்கள். 600க்கான மொத்தத்தில் அது உதவும். மேலே சொன்ன எந்தக் கட்-ஆஃப்பிலும் மொழிப் பாடத்துக்கு இடமே இல்லை.

4. பள்ளியை மாற்றும் முன் ஆறாம் வகுப்பு முதல் எண்ணுங்கள்

குரூப்பைவிடப் பெரிய இழப்பு ஏற்படுவது இந்த இடத்தில்தான். பத்தாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் படித்து நல்ல மதிப்பெண் வாங்கிய பிள்ளையை, ‘கட்டணம் வேண்டாம், ஹாஸ்டல் இலவசம்’ என்று ஒரு தனியார் பள்ளி அழைக்கும். போனால் இழப்பவை:

7.5 சதவீத இட ஒதுக்கீடு. ஆறாம் வகுப்பு முதல் பிளஸ் டூ வரை தமிழ்நாட்டு அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும் என்பது விதி. மருத்துவத்தில் 2020 முதலும், இன்ஜினியரிங், வேளாண்மை, கால்நடை மருத்துவம், மீன்வளம், சட்டம் ஆகியவற்றில் 2021 முதலும் நடைமுறையில் இருக்கிறது. இந்த ஒதுக்கீட்டில் இன்ஜினியரிங், மருத்துவம் சேர்கிறவர்களின் கல்விக் கட்டணத்தையும் அரசே ஏற்கிறது. பிளஸ் ஒன், பிளஸ் டூ இரண்டு வருடம் மட்டும் வெளியே போனாலும் இது முழுதாகப் போய்விடும். தனியார் பள்ளியில் கல்வி உரிமைச் சட்டத்தின்கீழ் எட்டாம் வகுப்பு வரை படித்து, ஒன்பது முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கும் இது கிடைக்கும்.

அரசு உதவிபெறும் பள்ளி இந்தக் கணக்கில் அரசுப் பள்ளி ஆகாது. கட்டடமும் ஆசிரியர் சம்பளமும் எப்படி இருந்தாலும் சரி, பெயர்ப்பலகையில் ‘உதவிபெறும்’ என்று இருந்தால் 7.5 கிடையாது.

கல்லூரியில் மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களுக்கும் ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளி என்பதே அடிப்படை. இதில் மட்டும் உதவிபெறும் பள்ளிகளில் தமிழ் வழியில் படித்தவர்களையும் சேர்த்திருக்கிறார்கள்.

தமிழ் வழியிலிருந்து ஆங்கில வழிக்கு மாறுகிறவர்கள், அரசு வேலையில் தமிழ் வழியில் படித்தோருக்கான 20 சதவீத முன்னுரிமையைக் கணக்கில் வைக்க வேண்டும். அந்த வேலைக்கு என்ன கல்வித்தகுதியோ அதுவரை முழுவதும் தமிழ் வழியில் படித்திருக்க வேண்டும். பத்தாம் வகுப்புத் தகுதி கேட்கும் பணிகளுக்கு இப்போது மாறுவதால் பாதிப்பில்லை; பிளஸ் டூவோ பட்டமோ கேட்கும் பணிகளுக்குப் பாதிப்பு உண்டு. நீட், ஜே.இ.இ. மெயின் இரண்டையும் தமிழில் எழுதலாம். ஜே.இ.இ. அட்வான்ஸ்டு மட்டும் ஆங்கிலம், இந்தியில்தான்.

5. சேரும் முன் பள்ளியில் கேட்க வேண்டியவை

அலுவலகத்தில் தரும் வண்ணத் தாளை வாங்கி மடித்து வைத்துவிட்டு இவற்றைக் கேளுங்கள்.

இயற்பியல், வேதியியல், கணிதம், உயிரியலுக்கு நிரந்தர முதுகலை ஆசிரியர் இருக்கிறாரா, பணியிடம் காலியா? அரசுப் பள்ளி என்றால் காலியிடம் எப்போது நிரம்பும் என்று தலைமையாசிரியருக்கே தெரியாமல் இருக்கலாம். பக்கத்து அரசுப் பள்ளியில் அதே குரூப்புக்கு நான்கு ஆசிரியரும் இருந்தால் அங்கே போவது மேல், 7.5 சலுகைக்கும் குறைவில்லை.

ஆய்வகத்தைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். சயின்ஸ் பாடம் ஒவ்வொன்றிலும் எழுத்துத் தேர்வு 70, செய்முறை 20, அக மதிப்பீடு 10. பியூர் சயின்ஸில் நான்கு பாடத்துக்கும் செய்முறை உண்டு, அதாவது 80 மதிப்பெண் ஆய்வகத்திலிருந்து வருகிறது. வேதியியல் ஆய்வகத்தில் பியூரெட்டின் (அளவு குறித்த நீளக் கண்ணாடிக் குழாய்) திருகைக் கையால் திருப்பிப் பாருங்கள். இறுகிப்போய் அசையவில்லை என்றால் அதில் பல மாதமாக யாரும் டைட்ரேஷன் செய்யவில்லை. தொட்டியில் தண்ணீர் வருகிறதா, பர்னருக்கு கேஸ் இருக்கிறதா, இயற்பியல் பக்கம் ஸ்க்ரூ கேஜ் எத்தனை இருக்கிறது என்பதையும் பார்க்கலாம். செய்முறைத் தேர்வுக்கு முந்தைய வாரம் மட்டும் ஆய்வகம் திறக்கும் பள்ளிகள் உண்டு.

பிளஸ் ஒன் பாடத்தை முழுதாக நடத்துகிறார்களா? இதுதான் இப்போது முக்கியமான கேள்வி. கல்லூரிச் சேர்க்கைக்கு பிளஸ் டூ மதிப்பெண் மட்டுமே கணக்கு. 2025-26 கல்வியாண்டிலிருந்து பிளஸ் ஒன்னுக்குப் பொதுத் தேர்வும் கிடையாது. அதனால் பிளஸ் ஒன் புத்தகத்தை ஓரம் கட்டிவிட்டு ஜூனிலேயே பிளஸ் டூ பாடத்தைத் தொடங்கும் பழைய பழக்கம் மறுபடி தலைதூக்க வாய்ப்பிருக்கிறது. நீட், ஜே.இ.இ. இரண்டிலும் பதினொன்றாம் வகுப்புப் பாடம் வரும். இயக்கவியல், வேதிப்பிணைப்பு, செல் உயிரியல் எல்லாம் அந்த வருடத்தில்தான். அதைப் படிக்காமல் பிளஸ் டூ இயற்பியலே புரியாது. போன வருட பிளஸ் ஒன் மாணவரின் நோட்டு ஒன்றைக் கேட்டு வாங்கி, எத்தனை பாடத்துக்குக் குறிப்பு இருக்கிறது என்று புரட்டிப் பார்த்தால் போதும்.

‘பத்தாம் வகுப்பில் 450க்கு மேல் இருந்தால்தான் பயோ மேத்ஸ்’ என்று சொன்னால், அது பெரும்பாலும் அந்தப் பள்ளி தானே வைத்துக்கொண்ட வரம்பு. வேறு பள்ளியைப் பாருங்கள், குரூப்பை மாற்றிக்கொண்டு அங்கேயே சேராதீர்கள்.

6. ஆவணங்கள்

முதல் நாளே எடுத்துப் போக வேண்டியவை:

• பத்தாம் வகுப்பு தற்காலிக மதிப்பெண் சான்றிதழ். ரிசல்ட் வந்த சில நாளில் தேர்வுத் துறை இணையதளத்தில் பதிவெண், பிறந்த தேதி கொடுத்து எடுக்கலாம். அசல் பிறகு பள்ளி வழியாக வரும்.
• மாற்றுச் சான்றிதழ், அதாவது டிசி.
• சாதிச் சான்றிதழ்.
• வருமானச் சான்றிதழ், உதவித்தொகை வேண்டுமென்றால்.
• மாணவர், பெற்றோர் ஆதார் நகல்.
• மாணவர் பெயரில் வங்கிக் கணக்குப் புத்தகத்தின் முதல் பக்க நகல்.
• பாஸ்போர்ட் அளவுப் படங்கள்.

எல்லாவற்றிலும் மூன்று நகல் எடுத்து வையுங்கள். அசல் டிசியைத் தவிர வேறு எந்த அசலையும் பள்ளியில் விட்டு வர வேண்டாம். அசல் மதிப்பெண் சான்றிதழை வாங்கி வைத்துக்கொள்ளும் பள்ளியிலிருந்து பிறகு வெளியே வருவது கஷ்டம்.

டிசி தாளாகக் கையில் இருந்தாலும் போதாது. பள்ளிக் கல்வித் துறை மாணவர் விவரங்களைப் பதியும் எமிஸ் இணையதளத்தில் பழைய பள்ளி மாணவரை விடுவித்துப் பொதுத் தொகுப்புக்கு அனுப்பியிருக்க வேண்டும். அனுப்பாவிட்டால் புதிய பள்ளி பெயரைச் சேர்க்க முடியாது. டிசி வாங்கும்போதே ‘எமிஸில் காமன் பூலுக்கு அனுப்பியாச்சா சார்?’ என்று கேட்டு, எமிஸ் எண்ணையும் குறித்துக்கொண்டு வாருங்கள்.

கட்டண பாக்கியைக் காரணம் காட்டி டிசியைப் பிடித்து வைப்பது சில தனியார் பள்ளிகளின் வழக்கம். பாக்கி வசூலிக்க டிசியைக் கருவியாக்கக் கூடாது, அதில் ‘கட்டணம் நிலுவை’ என்று எழுதவும் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2024 ஜூலையில் சொல்லியிருக்கிறது. மறுத்தால் மாவட்டக் கல்வி அலுவலரிடம் எழுத்தில் கொடுத்து, நகலில் ஒப்புதல் வாங்கிக்கொள்ளுங்கள்.

சாதி, வருமானச் சான்றிதழுக்கு இ-சேவை மையத்தில் சான்றிதழ் ஒன்றுக்கு 60 ரூபாய். ரிசல்ட் வந்த வாரத்தில் அங்கே கூட்டம் வழியும், கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர், வட்டாட்சியர் என்று ஒவ்வொரு மேசையிலும் விண்ணப்பம் தேங்கும். ஏப்ரலில், தேர்வு முடிந்த கையோடு போட்டுவிடுங்கள்.

இன்னொன்று, எழுத்துப்பிழை. பத்தாம் வகுப்புச் சான்றிதழில் ‘கு. கவின்’, ஆதாரில் ‘கவின் குமரேசன்’ என்று இருந்தால் நுழைவுத் தேர்வு விண்ணப்பத்தில் சிக்கும். எது மாற்றச் சுலபமோ அதை மாற்ற வேண்டும், அது பெரும்பாலும் ஆதார்தான். பிறந்த தேதி, அப்பா அம்மா பெயர், தமிழ் எழுத்துகள் எல்லாவற்றையும் பிளஸ் ஒன் முதல் மாதத்திலேயே ஒத்துப் பாருங்கள்.

7. செலவு

அரசுப் பள்ளியில் பாடப்புத்தகம் இலவசம், பிளஸ் ஒன் மாணவர்களுக்கு சைக்கிளும் உண்டு. செய்முறைப் பதிவேடு, கிராஃப் தாள், பிராக்டிகலுக்கு வெள்ளைக் கோட்டு போன்ற சில்லறைச் செலவுகள் வரும். பாடநூல்கள் அனைத்தும் இணையத்தில் பி.டி.எஃப். ஆகவும் இலவசமாகக் கிடைப்பதால், விடுமுறையிலேயே கணிதப் புத்தகத்தையும் உயிரியல் புத்தகத்தையும் திறந்து முதல் பாடத்தைப் பிள்ளையிடம் படிக்கக் கொடுங்கள். எதில் மனம் ஒட்டுகிறது என்று அதிலேயே பாதி தெரிந்துவிடும்.

தனியார் பள்ளி என்றால், கட்டண நிர்ணயக் குழு அந்தப் பள்ளிக்கு பிளஸ் ஒன்னுக்கு நிர்ணயித்த தொகை எவ்வளவு என்று கேளுங்கள். அதற்கு மேல் ‘நீட் இன்டக்ரேட்டட்’, ‘ஸ்மார்ட் கிளாஸ்’, ‘மெட்டீரியல்’ என்று வருபவற்றுக்குத் தனித்தனி ரசீது வேண்டும். இரண்டு வருடத் தொகையை ஒரே தவணையில் கேட்டால் கொடுக்க வேண்டாம். பிள்ளை மூன்றாம் மாதம் ‘எனக்கு இது வேண்டாம்’ என்று சொன்னால் அந்தப் பணம் திரும்பி வராது, அந்தப் பணத்துக்காகவே பிள்ளையை அங்கே உட்கார வைப்பீர்கள்.

பிளஸ் டூ முடியும்போது வரும் விண்ணப்பச் செலவுகளையும் இப்போதே தெரிந்துகொள்ளலாம். இன்ஜினியரிங் கவுன்சலிங் பதிவு 500 ரூபாய், எஸ்.சி., எஸ்.டி. பிரிவுக்கு 250. நீட் 2025இல் பொதுப் பிரிவுக்கு 1,700, ஓ.பி.சி.க்கு 1,600, எஸ்.சி., எஸ்.டி.க்கு 1,000. அரசுக் கலைக் கல்லூரிகளுக்குப் பதிவுக் கட்டணத்தோடு சேர்த்து 50 ரூபாய்.

வரவுப் பக்கமும் இருக்கிறது. பெற்றோரின் ஆண்டு வருமானம் இரண்டரை லட்சத்துக்குள் இருக்கும் எஸ்.சி., எஸ்.டி. மாணவர்களுக்கு பிளஸ் ஒன்னிலிருந்தே போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை உண்டு. வங்கிக் கணக்கு ஆதாரோடு இணைந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் பணம் வராது. அரசுப் பள்ளி மாணவர்களுக்கு முதலமைச்சரின் திறனாய்வுத் தேர்வு: 1,000 பேரைத் தேர்ந்தெடுத்து, பட்டப்படிப்பு முடியும் வரை வருடத்துக்கு 10,000 ரூபாய். தமிழ் மொழி இலக்கியத் திறனறித் தேர்வில் 1,500 பேருக்கு இரண்டு வருடம் மாதம் 1,500 ரூபாய். இதைத் தனியார் பள்ளி மாணவர்களும் எழுதலாம். பத்தாம் வகுப்புத் தமிழ்ப் புத்தகத்தை எடைக்குப் போட்டுவிடாதீர்கள், கேள்வி அதிலிருந்துதான்.

8. நாள்காட்டி

ஏப்ரல்: சான்றிதழ்கள், ஆதார் திருத்தம். மே: ரிசல்ட், பள்ளி விசாரணை, சேர்க்கை. ஜூன்: வகுப்பு தொடக்கம். ஒரு பாடத்தில் தவறியவர்களுக்குத் துணைத் தேர்வு ஜூலை வாக்கில் வரும், தேறினால் அதே வருடம் பிளஸ் ஒன் சேரலாம். முன்னதாகவே பள்ளியில் பேசி வையுங்கள்.

பிளஸ் டூ வருடத்தில் ஜே.இ.இ. மெயினுக்கு அக்டோபர், நவம்பரில் விண்ணப்பம், ஜனவரியிலும் ஏப்ரலிலும் தேர்வு. நீட்டுக்கு பிப்ரவரி, மார்ச்சில் விண்ணப்பம், மே முதல் வாரத்தில் தேர்வு. பி.சி., எம்.பி.சி. மாணவர்கள் இந்த இரண்டிலும் ஓ.பி.சி. சலுகை கேட்க, மாநிலச் சாதிச் சான்றிதழ் செல்லாது. மத்திய அரசுப் படிவத்தில் தனி ஓ.பி.சி. சான்றிதழ் வேண்டும், அதுவும் அந்தந்த நிதியாண்டுக்கு. செப்டம்பரில் விண்ணப்பித்தால் நிதானமாக வந்து சேரும்.

9. தப்பான குரூப்பில் சேர்ந்துவிட்டால்

முதல் இரண்டு மாதத்துக்குள் என்றால் மாற்றலாம். தலைமையாசிரியருக்குப் பெற்றோர் கையெழுத்துடன் கடிதம் கொடுங்கள். எந்த குரூப்பிலிருந்து எதற்கு என்று பெயரால் எழுதாமல், நான்கு பாடங்களையும் முழுப் பெயரில் எழுதுங்கள். பிறகு எமிஸில் மாறியிருக்கிறதா என்று கண்ணால் பார்த்துவிட்டு வாருங்கள். வகுப்பு மாறி உட்கார்ந்திருப்பான், பதிவில் பழைய குரூப்பே இருக்கும். தேர்வுத் துறைக்குப் பெயர்ப் பட்டியல் போன பிறகு மாற்றுவது ஏறக்குறைய நடக்காத காரியம். பிளஸ் ஒன் ஒரு குரூப், பிளஸ் டூ இன்னொரு குரூப் என்பது கிடையவே கிடையாது.

கணிதமும் கணினியும் படித்து பிளஸ் டூ முடித்த பிறகு மருத்துவ ஆசை வந்தால், உயிரியலை மட்டும் கூடுதல் பாடமாக அங்கீகரிக்கப்பட்ட ஒரு வாரியத்தில் எழுதித் தேறி நீட் எழுதத் தேசிய மருத்துவ ஆணையம் 2023 நவம்பரில் வழி திறந்திருக்கிறது. தேசிய திறந்தநிலைப் பள்ளி இதற்குக் கைகொடுக்கும். ஆனால் நீட்டில் 180 கேள்வியில் 90 உயிரியல், 720 மதிப்பெண்ணில் 360. அதைப் புதிதாகத் தொடங்க ஒரு முழு வருடம் ஒதுக்க வேண்டும்.

பிளஸ் ஒன் அரையாண்டில் எல்லாப் பாடமும் கைவிட்டுப் போகிறது என்று தோன்றினால் பாலிடெக்னிக் இருக்கிறது. பத்தாம் வகுப்புத் தகுதியில் அடுத்த வருடம் முதலாண்டில் சேரலாம். பல்லைக் கடித்து கணிதம், இயற்பியல், வேதியியலோடு பிளஸ் டூ தேறிவிட்டால் நேராக இரண்டாம் ஆண்டிலேயே சேரலாம். தேற ஒவ்வொரு பாடத்திலும் 35 போதும். அதில் செய்முறை உள்ள பாடத்தின் எழுத்துத் தேர்வில் 70க்கு 15, செய்முறை இல்லாத பாடத்தில் 90க்கு 25 கட்டாயம். செய்முறைத் தேர்வுக்கு வராமல் இருந்துவிட்டால் மட்டும் எந்தக் கணக்கும் உதவாது, காய்ச்சல் என்றாலும் போய் உட்கார வேண்டும்.